9 நாள் குழந்தை. வீட்டில் எல்லாரும் "பால் பத்தலை" என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரிசல்_அப்பா:

வணக்கம். எங்களுக்கு முதல் குழந்தை, பெண். சிசேரியன். ஊர் விருதுநகர் பக்கம். பிறந்தபோது எடை 3.000 கிலோ, 4ஆம் நாள் 2.780, நேற்று 9ஆம் நாள் 2.900. மூன்றும் ஒரே தராசில் எடுத்தது. ஒரு நாளைக்கு 7, 8 முறை சிறுநீர் போகிறாள். மலம் 4 முறை, மஞ்சளாக, திரிந்த பால் மாதிரி.

சாயங்காலம் 6 மணிக்குப் பிடித்தால் 10 மணிவரை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கிறாள். கீழே போட்டால் அழுகை. 4, 5ஆம் நாள் கல்லாகக் கட்டியிருந்த மார்பு இப்போது மெத்தென்று இருக்கிறது. பம்ப் வைத்ததில் இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லிதான் வந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு அத்தை, "பால் வத்திப்போச்சு, டப்பாப் பால் கலந்து குடுங்க" என்கிறார். அம்மா, "இந்த வெயிலுக்கு நாக்கு வறண்டுபோகும், காய்ச்சி ஆறின தண்ணி ரெண்டு சங்கு ஊத்து" என்கிறார். 11ஆம் நாள் உரைமருந்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உரைக்கிற கல்லைக் கழுவி வைத்தாயிற்று. வயிறு போட்டுவிடும் என்று மனைவிக்குத் தண்ணீரை அளந்து தருகிறார்கள். அவளுக்கு இடது காம்பில் வெடிப்பு வேறு. பிள்ளை பிடிக்கும்போது கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

பெரியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எது சரி, எது சரியில்லை என்று காரணத்தோடு தெரிந்தால் வீட்டில் உட்கார்ந்து பேசலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலாம்பரி (பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியர்):

தம்பி, எடையைக் குறித்துவைத்தீர்களே, அதுவே பாதி பதில். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

3.000-இலிருந்து 2.780 என்றால் 220 கிராம் இறங்கியிருக்கிறது. அது 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பிறந்த எந்தக் குழந்தைக்கும் முதல் சில நாளில் உடம்பில் இருக்கும் கூடுதல் நீரும் கருமலமும் போவதால் எடை இறங்கும். 7 சதவீதத்தைத் தொட்டால் பால் பிடிப்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். அடுத்த 5 நாளில் உங்கள் மகள் 120 கிராம் ஏறியிருக்கிறாள். நாளுக்கு 24 கிராம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் சரியான வளர்ச்சி. பிறந்த எடையை 10 முதல் 14 நாளுக்குள் தொட வேண்டும் என்பது பொது அளவு. இதே வேகத்தில் போனால் 13, 14ஆம் நாளில் தொட்டுவிடுவாள். சிறுநீர்க் கணக்கும் சரி: முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2 என்று ஏறி, 6ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். மலம் கருமையிலிருந்து பச்சைக்கும், 5ஆம் நாளுக்குள் மஞ்சளுக்கும் மாறியிருக்க வேண்டும். எல்லாமே மாறியிருக்கிறது. பால் பத்தாத குழந்தைக்கு இப்படி நடக்காது.

அத்தை சொல்லும் மூன்று அடையாளங்களில் எதையும் வைத்துப் பாலை அளக்க முடியாது. மார்பு 4ஆம் நாள் கல்லாக இருந்ததற்குக் காரணம் பால் மட்டுமல்ல, ரத்த ஓட்டமும் நீர்க்கோப்பும் சேர்ந்த வீக்கம். அது வடிவதைத்தான் வத்திப்போனதாக நினைக்கிறார்கள். பால் பெரும்பகுதி குழந்தை சப்பும் நேரத்தில் சுரப்பது. குடம் மாதிரி முன்கூட்டியே நிரம்பி நிற்க வேண்டியதில்லை. பம்ப்பில் வந்த 20 மில்லி, பம்ப் எவ்வளவு எடுத்தது என்பதைத்தான் காட்டும். பால் இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசின், குழந்தையின் சூட்டுக்கும் மணத்துக்கும் தொடுதலுக்கும் சுரக்கும். பிளாஸ்டிக் புனலுக்கு, அதுவும் நான்கு பேர் சுற்றி நின்று பார்க்கும்போது, அவ்வளவாகச் சுரக்காது.

சாயங்காலம் 6 முதல் 10 வரை தொடர்ந்து குடிப்பதைக் கொத்தாகக் குடிப்பது என்போம். நிறையக் குழந்தைகள் இப்படித்தான். இரண்டு மூன்று வாரத்திலும் 6 வாரத்திலும் ஓரிரு நாள் இன்னும் கூடும். அந்த இரண்டு நாளில்தான் பல வீடுகளில் டப்பா வந்து இறங்குகிறது.

டப்பா இறங்கினால் என்ன ஆகும் என்பதை அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 60 மில்லி மாவுப்பால் குடித்த பிள்ளை மூன்று மணி நேரம் அயர்ந்து தூங்கும். "பாத்தியா, இப்பதான் வயிறு நிறைஞ்சிருக்கு" என்று தோன்றும். அந்த மூன்று மணி நேரமும் மார்பில் பால் தேங்கி நிற்கும். தேங்கிய பாலில் உள்ள ஒரு புரதமே "சுரப்பைக் குறை" என்று மார்புக்குச் சொல்லும். மறுநாள் நிஜமாகவே பால் கொஞ்சம் குறையும், டப்பா இரண்டு வேளையாகும். இரண்டு வாரத்தில் "எங்க வீட்டுல யாருக்கும் பால் நிக்காது" என்ற பேச்சு வந்துவிடும். பால் கூடுவதற்கு ஒரே வழி, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குழந்தை மார்பைக் காலி செய்வது. பாலை உண்டாக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ராத்திரியில் அதிகம் சுரக்கும், அதனால் ராத்திரிப் பாலை விடவே கூடாது. மார்பு சின்னது, பெரியது என்பதற்கும் சுரப்புக்கும் சம்பந்தமில்லை. அளவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கொழுப்பு.

14ஆம் நாள் அதே தராசில், துணியில்லாமல் எடை போடுங்கள். அதற்கு முன்னால் தினமும் போடாதீர்கள். ஒரு முறை மலம் கழித்தாலே 30 கிராம் மாறும், வீட்டில் கலவரம்தான் மிஞ்சும்.

சங்குப்பூ (பாலூட்டல் ஆலோசகர்):

வெடிப்பை யாரும் தொடவில்லை. இந்தக் கேள்வியில் உடனே கவனிக்க வேண்டியது அதுதான். முதல் வாரத்தில், பிடித்தவுடன் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். கண்ணில் நீர் வரும் அளவு வலியும் வெடிப்பும் இருந்தால் குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். காம்பில் பால் இல்லை. அதைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. காம்பை மட்டும் சப்பினால் தாய்க்குப் புண், பிள்ளைக்குக் குறைந்த பால், அதனால் இன்னும் நீண்ட நேரம் சப்பல். சாயங்கால நான்கு மணி நேரத்தில் கொஞ்சம் இதனாலும் இருக்கலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்து நீங்கள் உதவலாம். தங்கச்சி முதுகைச் சாய்த்து வசதியாக உட்காரட்டும். தையலில் குழந்தையின் கால் படாமல் இருக்க, குழந்தையைக் கக்கத்தில் இடுக்கினாற்போல் பக்கவாட்டில் வைத்துக்கொள்வது சிசேரியனுக்கு நல்லது. கால்கள் அம்மாவின் முதுகுப் பக்கம் போகும், அடியில் தலையணை. ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். "படுத்துக் கொடுத்தால் காதில் சீழ் வரும்" என்ற பயம் தேவையில்லை. எப்படி வைத்தாலும் குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில், உடம்பு முழுக்க அம்மாவைப் பார்த்து, ஒட்டி இருக்க வேண்டும். கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்கச் சொன்னால் நம்மால் ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்க முடியாது. செய்து பாருங்கள், புரியும்.

குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு வரட்டும். மேலுதட்டில் மெல்லத் தடவினால் வாய் திறக்கும். கொஞ்சம் திறந்ததும் அவசரப்பட்டு வைக்காதீர்கள். கொட்டாவி அளவு திறக்கும்வரை காத்திருந்து, மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மோவாய் மார்பில் அழுந்த வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். கன்னம் குழி விழாமல் உப்பி இருக்க வேண்டும். முதலில் வேகமாகச் சப்பி, பிறகு மெதுவாக, ஆழமாக, இடையிடையே "க்க" என்று விழுங்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பால் போகிறது. சொடுக்குப் போடும் சத்தம் கேட்டால் பிடி சரியில்லை. வலித்தால் இழுத்து எடுக்காமல் வாயின் ஓரத்தில் சுண்டு விரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்து மறுபடி பிடிக்க வையுங்கள். பத்து தடவை ஆனாலும் பரவாயில்லை.

வெடிப்புக்கு: குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் காயவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம், இருக்கிற எண்ணெய்ப்பசையும் போய்விடும். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். ஒரு பக்கம் குழந்தை தானாக விடும்வரை குடிக்கட்டும். கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் மாற்றுவது எடை ஏற்றத்துக்குத்தான் நஷ்டம்.

காம்பு தட்டையாகவோ உள்ளிழுத்தோ இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 10 மில்லி சிரிஞ்சில் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, பிஸ்டனை உருவி, வெட்டிய பக்கம் வழியாக அதை உள்ளே நுழைத்துவிடுங்கள். மழமழப்பான மறுமுனையைக் காம்பின்மேல் வைத்து, பிஸ்டனை வலிக்காத அளவு மெல்ல இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். வெட்டிய முனை தோலில் படவே கூடாது. குழந்தைக்குக் கொடுக்குமுன் இப்படிச் செய்தால் காம்பு வெளியே வரும்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் அது மார்பழற்சி. "காய்ச்சப் பால், குடுக்காதே" என்பார்கள். நிறுத்தினால்தான் தேங்கிச் சீழ் கட்டும். பால் கொடுத்துக்கொண்டே பாராசிட்டமால் எடுக்கலாம். ஒரு நாளில் இறங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளைவளர்ப்பான் (சித்த மருத்துவம் படித்தவன்):

தண்ணீர், உரைமருந்து இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நம் துறை என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். வெயிலில் பிள்ளை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தன் தாகத்தைத் தானே தீர்த்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்திலும் 6 மாதம் முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். சங்குத் தண்ணீரில் இரண்டு கேடு. அந்த அளவு பாலைக் குடிக்காது, எடை ஏறாது. பச்சிளம் சிறுநீரகத்தால் அதிகத் தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது; அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்புகூட வரும். கிரைப் வாட்டரும் அப்படியே, இனிப்புத் தண்ணீர்தான்.

உரைமருந்தில் வீட்டுக்கு வீடு சரக்கு மாறும்: சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுட்ட வசம்பு. எத்தனை இழை இழைக்கிறோம் என்பதுதான் அளவு; அழுத்தி இழைத்தால் இரட்டிப்பாகும். 3 கிலோ எடையுள்ள உடம்புக்கு இது அளவே அல்ல. ஜாதிக்காய் கூடினால் மயக்கம் வரும். மருந்து கொடுத்ததும் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது என்று நாம் நினைக்கும் தூக்கம் அதுவாக இருக்கலாம், தூங்கும் பிள்ளை பால் கேட்காது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வைத்திருக்கிறோம். ஆனால் அதில் உள்ள பீட்டா அசரோன் விலங்குச் சோதனைகளில் புற்றை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். கையில் கட்டும் வசம்பு வளையலும் வேண்டாம். இரண்டு மாதத்தில் கை வாய்க்குப் போகும், நூலும் துண்டும் கூடவே போகும். ஈரக் கல்லும் நாள்பட்ட சரக்கும் கிருமி வளர ஏற்ற இடம் என்பது தனிச் சங்கதி.

சேனை வைப்பது என்று தேனோ சீனித் தண்ணீரோ நாக்கில் தடவும் வழக்கம் தெற்கே இன்னும் இருக்கிறது. தேனில் போட்டுலிசக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்குக் குறைந்த குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடல் துவண்டு மூச்சு நிற்கும் அளவுக்குப் போகலாம். ஒரு வயது முடியும்வரை தேன் அறவே கூடாது. கழுதைப்பாலும் வேண்டாம். காய்ச்சாத எந்த விலங்குப் பாலும் பச்சிளங்குழந்தைக்கு ஆகாது.

கல்லைக் கழுவி வைத்தாயிற்று என்றீர்கள். சடங்கை நிறுத்தச் சொன்னால் பெரியவர்கள் மனசு நோகும். நடக்கட்டும். சங்கில் மருந்துக்குப் பதிலாகப் பிழிந்த தாய்ப்பால் 5 மில்லி ஊற்றி, பாட்டி கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். சங்கை வாயில் கவிழ்க்காமல் பிள்ளையை முக்கால்வாசி நிமிர்த்தி வைத்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்தால் அதுவே நக்கி எடுத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆணோ பெண்ணோ, முதல் வாரங்களில் குழந்தையின் மார்பு சற்றுத் தடித்துப் பால்போல் கசியலாம். தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியே போனதன் விளைவு, சில வாரத்தில் தானாக வடியும். குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்க யாரையும் விடாதீர்கள். சீழ் கட்டி அறுவை செய்யும் நிலைக்குப் போகும். பெண்ணாக வளரும்போது அந்தப் பக்கத்து மார்பு வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

அடுப்பங்கரை (உணவியலாளர்):

அம்மாவுக்குத் தண்ணீர் அளந்து கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். வயிறு போடுவதற்குத் தண்ணீர் காரணமல்ல. இழுபட்ட வயிற்றுத் தசை இறுக மாதக்கணக்கில் ஆகும். சிசேரியன் ஆனவர் தண்ணீர் குறைத்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. தாகத்துக்குத் தகுந்தபடி குடிக்கட்டும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். அதேசமயம் தண்ணீரையோ பசும்பாலையோ வலிந்து குடிப்பதால் தாய்ப்பால் அதிகமாகிவிடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 அளவுப்படி முதல் 6 மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், புரதம் 17 கிராம் கூடுதலாக. பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் மட்டும் போட்டால் இது எட்டாது. பருப்பு, கீரை, முட்டை, மீன், தயிர், பழம் எல்லாம் சாப்பிடலாம். அம்மா ஆரஞ்சு சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. பூண்டும் வெந்தயமும் பிடித்தால் சாப்பிடட்டும், தீங்கில்லை; ஆனால் பிள்ளை மார்பில் இல்லாமல் பூண்டு மட்டும் பாலைக் கொண்டுவராது.

பால்சுறாப் புட்டு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். புரதம் நல்லதுதான். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்னும் மீன், அதன் தசையில் பாதரசம் சேரும். பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் அதுவும் இருக்கிறது. அதே காசுக்கு மத்தியும் நெத்திலியும் வாங்குங்கள், கால்சியம், ஒமேகா கொழுப்பு இரண்டும் கிடைக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, கால்சியம் 500 மில்லிகிராம் தினம் இரண்டு, இரண்டும் பிரசவத்துக்குப் பின் 6 மாதம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்.

கரிசல்_அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடமும் அத்தையிடமும் உங்கள் பதில்களை வாசித்துக் காட்டினேன். எடைக் கணக்கைக் கேட்டதும் அத்தை சமாதானமாகிவிட்டார். இன்னும் இரண்டு கேள்வி. மனைவி தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், திரும்பப் போகவேண்டும். பாலைப் பிழிந்து வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? டப்பாப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று ஒரு மாமா கேட்கிறார், அவருக்கு என்ன சொல்ல?

நீலாம்பரி:

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு, 2017 திருத்தத்திலிருந்து. வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை ஓய்வு நேரம் போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுத்தாக வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். விடுப்பைப் பிரசவத்துக்குப் பின் முழுக்க எடுத்தால் 6 மாதத் தாய்ப்பால் காலம் வீட்டிலேயே முடிந்துவிடும்.

கையால் பிழிவதற்குப் பம்ப் தேவையில்லை. கட்டைவிரல் மேலே, ஆள்காட்டிவிரல் கீழே, காம்பிலிருந்து 3, 4 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். காம்பை நோக்கி உருவினால் தோல்தான் எரியும், பால் வராது. ஒரு பக்கம் 3 முதல் 5 நிமிடம், பிறகு மறுபக்கம், மாற்றி மாற்றி மொத்தம் 20 முதல் 30 நிமிடம். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராவிட்டால் கைவிட்டுவிடக் கூடாது.

பால் 25 டிகிரி அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர்க் கோடையில் அறையே 35 டிகிரி இருக்கும். அங்கே அவ்வளவு நேரம் நம்பாதீர்கள், உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்பக்கம் வைத்தால் 4 நாள்வரை சரி என்பது அளவு. மின்சாரம் போய்வரும் வீட்டில் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். எடுத்ததும் மேலே ஏடு பிரிந்து நிற்கும், கெட்டதல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்திச் சூடாக்குங்கள். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

கொண்டல் (குழந்தை மருத்துவர்):

மாமாவுக்குப் பதில். மாவுப்பால் விஷமல்ல. சில குழந்தைகளுக்கு அது கட்டாயம் தேவை: கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறை இருந்தால், தாய் புற்றுநோய்க்கான மருந்து எடுத்தால், 10 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கிப் பிழிந்த பாலும் போதாவிட்டால். அப்போது அதை மருந்து மாதிரி, அளவோடு, காரணத்தோடு தருகிறோம். தாயின் மஞ்சள்காமாலை பி கிருமிக்கு, பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட்டால் தாய்ப்பால் தடையில்லை. காசநோய்க்கும் சிகிச்சையோடு கொடுக்கலாம். எச்ஐவி உள்ள தாயும் கிருமியை அடக்கும் ஏஆர்டி மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். தாய்ப்பால், மாவுப்பால் இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் கூடாது.

மாவுப்பாலில் இல்லாதவை தாயின் எதிர்ப்பொருள்கள். வீட்டுக்குள் ஒரு சளிக் கிருமி வந்தால் அம்மாவின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்து சில நாளில் பாலில் அனுப்பும். டப்பாவில் அதைப் போட முடியாது. சீம்பாலில் அது செறிந்திருக்கும். முதல் நாள் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான் வரும், பிள்ளைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறதே என்று பிழிந்து கொட்டுவது முதல் தடுப்பு மருந்தைக் கொட்டுவது. டப்பாக்களுக்கு விளம்பரமும் இலவச மாதிரியும் குழந்தைப் படமும் கூடாது என்று 1992இல் சட்டம் வந்து, 2003இல் இன்னும் இறுக்கப்பட்டதும் இதனால்தான்.

தவிர்க்க முடியாமல் கலக்க நேர்ந்தால் தப்பு நடக்கும் இடம் அளவுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், இன்னும் நல்ல சூடு, அதாவது 70 டிகிரி, இருக்கும்போதே முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி அப்புறம் மாவைப் போடுங்கள். மாவு கிருமியில்லாத பொருள் அல்ல. அந்தச் சூடு அதில் இருக்கக்கூடியதைக் கொல்லும். கைபொறுக்கும் சூட்டுக்குக் குளிரவைத்துக் கொடுங்கள். அந்த டப்பாவிலேயே இருக்கும் கரண்டியில், குவிக்காமல், அழுத்தாமல், கத்தியால் வழித்து ஒரு மட்டம். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒன்று, உங்கள் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். டப்பா ஒரு வாரம் கூடுதலாக வரட்டும் என்று நீர்க்கக் கலந்தால் வயிறு நிறையும், எடை ஏறாது. கெட்டியாகக் கலந்தால் மலச்சிக்கலும் நீரிழப்பும். கலந்ததை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பாட்டிலைவிடக் கொதிக்கவைத்த சங்கோ கிண்ணமோ சுத்தம் செய்ய எளிது. பசும்பாலை நீர்விட்டுக் கொடுப்பது தீர்வே அல்ல: இரும்பு மிகக் குறைவு, புரதமும் உப்பும் சிறுநீரகத்துக்குப் பாரம், குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் வரும்.

வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினால், பால் குடிக்க எழுப்ப முடியாமல் துவண்டால், மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

சங்குப்பூ:

ஒன்று விட்டுப்போனது. "பால் குடுக்கும்போது கரு நிக்காது" என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு 6 மாதத்துக்குள், மாதவிலக்கு திரும்பாமல், பகலில் 4 மணி, இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால்தான் அது 98 சதவீதம் காக்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும். காப்பர் டி பாலைக் குறைக்காது.

கொண்டல்:

கரிசல்_அப்பா, வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்களா? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் முதல் நாட்களிலிருந்து ஒரு வயதுவரை தினம் 400 யூனிட் வேண்டும். தாய்ப்பாலில் அது குறைவாகத்தான் இருக்கும். கடையில் 1 மில்லிக்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. 800 என்றால் அரை மில்லி. பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படித்துவிட்டு, அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரிலேயே எடுங்கள். வேறு மருந்தின் டிராப்பரில் கோடு வேறு இடத்தில் இருக்கும்.